சித்தம்பூண்டிக் கல்லும் திங்கள் மண்ணும்

பின்னலாடைத் தொழிலுக்குப் பெயர்பெற்ற திருப்பூர் மாநகரைச் சார்ந்தது வேலம்பாளையம். அவ்வூர்த் தெருக்களில் நடப்போர் செவிகளில் பின்னும் பொறிகளின் ஓசையும் தையற்பொறிகளின் ஓசையும் இடையறாது விழுந்துகொண்டிருக்கும். அங்குள்ள பனியன் கம்பெனிகளில் ஒரு வழக்கம் உண்டு. வெளிநாட்டு வணிகர் பல்லாயிரம் ஆடைகள் வேண்டுமெனக் கேட்டாலும், எடுத்த எடுப்பிலேயே எவரும் துணியை வெட்டிவிடுவதில்லை. முதற்கண் ‘சாம்பிள்’ எனப்படும் மாதிரி ஆடைகள் சிலவற்றைத் தைப்பர். துணியின்மீது அளவுக் கோடுகளை வரைந்து, அதனைத் துவைத்து உலர்த்தி, எவ்வளவு சுருங்கிற்று என்று மீண்டும் அளந்து பார்ப்பர். சாயம் கரைகின்றதா, தையல் பிரிகின்றதா என்று நோக்குவர். இவற்றிலெல்லாம் தேறிய பின்னரே பெருவேலை தொடங்கும். மாதிரியில் கண்ட பிழை ஓர் ஆடையோடு போகும்; காணாது விட்ட பிழை கப்பலேறிவிடும்.

கப்பலேறிய ஆடையையேனும் திருப்பி வாங்கிக்கொள்ளலாம். பொருள் நட்டத்தோடு அத்தொல்லை தீரும். ஆனால், புவியிலிருந்து ஏறத்தாழ 3,84,000 கிலோமீட்டர் தொலைவிலுள்ள திங்களில் இறங்கும் கலத்தைத் திருப்பி வாங்குவோர் யார்? அதன் சக்கரம் மண்ணிற் புதைந்தால் தள்ளிவிட அங்கு ஆள் இல்லை. அதன் கால் முறிந்தால் பொருத்துவதற்குக் கொல்லன் இல்லை. ஆகவே, விண்கலம் அமைப்போரும் மாதிரி பார்த்தே வேலை செய்கின்றனர். அவர்கள் கலத்துக்கு மட்டும் மாதிரி செய்வதில்லை. அக்கலம் சென்று இறங்கப்போகும் நிலத்துக்கும் புவியிலேயே மாதிரி செய்துகொள்கின்றனர். இந்தியா திங்களுக்குக் கலம் அனுப்ப முயன்றபோது அந்த மாதிரி நிலத்துக்குக் கல் தந்த ஊர்கள் வேலம்பாளையத்துக்குத் தொலைவில் இல்லை. கிழக்கே சென்று, ஈரோட்டையும் காவிரியையும் கடந்தால் நாமக்கல் மாவட்டம் வரும். அம்மாவட்டத்தைச் சேர்ந்த சித்தம்பூண்டியும் குன்னமலையுமே அவ்வூர்கள்.

திங்களின் நிலம் நம் நிலம் போன்றது அன்று. அங்குக் காற்று இல்லை, மழை இல்லை, ஆறும் இல்லை. பகல் ஏறத்தாழ நம் பதினான்கு நாள் நீளும். இரவும் அவ்வாறே நீளும். நடுக்கோட்டுப் பகுதியில் நண்பகல் வெப்பம் நீர் கொதிக்கும் வெப்பத்தையும் விஞ்சும். இரவிலோ உறைபனியின் குளிரை விடப் பன்மடங்கு கடுங்குளிர் நிலவும். காற்றும் நீரும் உருட்டி உருட்டித் தேய்ப்பதனால் நம் ஆற்றுமணலின் துகள்கள் முனை மழுங்கியிருக்கின்றன. திங்களிலோ, கோடிக்கணக்கான ஆண்டுகளாக விண்கற்கள் வந்து மோதி, பாறையை நொறுக்கிப் பொடியாக்கியிருக்கின்றன. அப்பொடியைத் தேய்ப்பதற்கு ஒன்றுமில்லாமையால் அதன் துகள்கள் உடைந்த கண்ணாடிச் சில்லுகளைப்போலக் கூர்மை குன்றாமல் இருக்கின்றன. அத்தகைய மண்ணில் சக்கரம் எவ்வாறு உருளும், எவ்வளவு ஆழம் அமிழும் என்பனவற்றை ஆற்றுமணலைக் கொட்டிச் சோதித்து அறிய இயலாது.

இந்த அருமையை முதலில் உணர்ந்தவர்கள் திங்களுக்கு மனிதரை அனுப்ப முனைந்த அமெரிக்கர்கள். அவர்கள் 1967-ஆம் ஆண்டில் அரிசோனா மாநிலத்தில், பழைய எரிமலைச் சாம்பல் படிந்த ஒரு வெளியைத் தேர்ந்தெடுத்தனர். திங்களின் ஒரு பகுதியை விண்கலம் எடுத்த படங்களில் எந்தெந்த இடத்தில் குழிகள் காணப்பட்டனவோ, அந்தந்த இடத்தில் வெடிமருந்து புதைத்து வெடித்து 47 குழிகளை உண்டாக்கினர். அக்குழிகளிடையே விண்வெளி வீரர்கள் நடந்து பழகினர். ஐஸ்லாந்துத் தீவின் எரிமலை நிலங்களிலும் அவர்கள் பயிற்சி பெற்றனர். பின்னாளில், செவ்வாய்க் கோளுக்குரிய ஊர்திகளைச் சோதிப்பதற்குத் தென்னமெரிக்காவின் வறண்ட அட்டகாமா பாலைநிலமும், கனடாவின் வடகோடியில் உள்ள டெவன் தீவும் பயன்பட்டன. புவியிலே மனிதர் வாழத் தகாதென ஒதுக்கிய இடங்களே இத்துறையினருக்கு உகந்த பள்ளிக்கூடங்கள் ஆயின.

மண்ணைப் பொருட்படுத்தாவிடில் வரும் கேட்டுக்கு ஒரு சான்று காட்டலாம். செவ்வாயில் ஐந்தாண்டுக்கு மேலாக உழைத்துவந்த ‘ஸ்பிரிட்’ என்னும் ஊர்தி 2009-ஆம் ஆண்டில் மேலோடு கெட்டியாகவும் உள்ளே தளர்வாகவும் இருந்த மண்ணில் அகப்பட்டுக்கொண்டது. அமெரிக்கப் பொறியாளர்கள் தம் ஆய்வகத்தில் மணற்படுகை ஒன்று அமைத்து, அதில் மற்றோர் ஊர்தியைப் புதையவைத்து, மீட்கும் வழியைத் திங்கட்கணக்கில் தேடினர். எனினும் ஸ்பிரிட் மீளவில்லை. 2010-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களுக்குப் பின் அதன் குரலும் கேட்கவில்லை.

இந்தியா 2008-ஆம் ஆண்டு அக்டோபர் 22-ஆம் நாள் அனுப்பிய சந்திரயான்-1 திங்களைச் சுற்றிவந்த கலம். அதன் திட்ட இயக்குநர் மயில்சாமி அண்ணாதுரை. பொள்ளாச்சியை அடுத்த கோதவாடி அவர் பிறந்த ஊர். அடுத்த கலமாகிய சந்திரயான்-2 திங்களின் தென்முனைப் பக்கம் இறங்கி, அங்கு ஆறு சக்கர ஊர்தி ஒன்றை ஓட்டவேண்டும் என்று முடிவாயிற்று. அப்போதுதான் மண்ணைப் பற்றிய கவலை எழுந்தது. அமெரிக்காவில் கிடைத்த மாதிரி மண்ணின் விலை கிலோ ஒன்றுக்கு ஏறத்தாழ 150 டாலர். சோதனைக்களம் அமைக்கத் தேவைப்பட்ட மண்ணோ 60 முதல் 70 டன். 60 டன் என்று கொண்டாலும் 90 இலட்சம் டாலர் ஆகின்றது. மண்ணுக்கு மட்டுமே இவ்வளவு பொருள் செலவிடுதல் நம்மனோர்க்கு இயல்வதன்று. விலை ஒருபுறமிருக்க, வேறொரு குறையும் இருந்தது. அமெரிக்கர் நெடுங்காலம் பயன்படுத்திய மாதிரி மண், எரிமலைச் சாம்பலால் ஆனது. திங்களில் கருமையாகத் தோன்றும் சமவெளிகளின் மண்ணை அது ஒத்திருந்தது. இந்தியக் கலம் செல்லவிருந்ததோ வெண்மையாகத் தோன்றும் மேட்டு நிலம்.

முழுமதியை உற்று நோக்குவோர் அதிற் கருந்திட்டுகளையும், அவற்றைச் சூழ்ந்த வெண்பரப்பையும் காண்பர். கருந்திட்டு எரிமலைக் குழம்பு உறைந்த சமவெளி. வெண்பரப்பே மேட்டுநிலம். அது பெரும்பாலும் அனார்த்தசைட் என்னும் வெளிறிய பாறையால் ஆனது. திங்கள் தோன்றிய தொடக்கத்தில் அதன் மேற்பகுதி உருகிய பாறைக் கடலாய் இருந்தது என்றும், அது ஆறும்போது எடை குறைந்த கனிமங்கள், காய்ச்சிய பாலில் ஆடை படிவது போல, மேலே மிதந்து உறைந்தன என்றும் அறிஞர் கருதுவர். அந்த ஆடையே அனார்த்தசைட். 1971-ஆம் ஆண்டில் அப்பல்லோ-15 வீரர்கள் திங்களிலிருந்து எடுத்துவந்த புகழ்பெற்ற வெண்கல் ஒன்றும் இவ்வகையைச் சேர்ந்ததே.

இப்பாறை புவியில் எங்கும் பரவிக் கிடப்பதன்று. கிடைக்கும் சில இடங்களுள் ஒன்று சித்தம்பூண்டி. அங்குள்ள பாறைத் தொகுதி சற்றேறக்குறைய 250 கோடி ஆண்டுப் பழமை உடையது. மலையாய் உயர்ந்து நில்லாமல், வயல்களுக்கும் மேய்ச்சல் நிலங்களுக்கும் இடையே வெள்ளையும் கருமையும் விரவிய கற்களாக அது தலைநீட்டுகின்றது. ஏர் உழுவோருக்கு அக்கல் இடையூறு. கட்டடம் கட்டுவோருக்கு அடித்தளக் கல். நிலவியலாருக்கோ அது நெடுநாளைய செல்வம். அங்குக் குருந்தக்கல்லும் குரோமியத் தாதுவும் உள்ளமை முன்பே தெரியும். சேலம் மாவட்டத்தினின்று நாமக்கல் பிரிவதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்னரே, 1956-ஆம் ஆண்டில், ஏ. பி. சுப்பிரமணியம் என்னும் நிலவியலறிஞர் இப்பாறைத் தொகுதியின் கனிமங்களைக் குறித்து விரிவான ஆய்வுரை ஒன்றை வெளியிட்டார். ஸ்புட்னிக் விண்ணில் ஏறுவதற்கு ஓராண்டு முன்னர் எழுதப்பட்ட உரை அது! அக்கல் திங்களோடு உறவு கொள்ளப்போவதை அன்று எவர் நினைத்திருக்கக்கூடும்?

சேலம் பெரியார் பல்கலைக்கழக நிலவியல் துறையினர், பேராசிரியர் எஸ். அன்பழகன் முதலியோர், இப்பாறையை ஆராய்ந்து திங்களின் மேட்டுநிலப் பாறையோடு ஒப்பிட்டனர். மண்ணின் உறுதியைச் சோதிப்பதில் திருச்சிராப்பள்ளித் தேசியத் தொழில்நுட்பக் கழகத்துப் பேராசிரியர் கா. முத்துக்குமரன் துணைநின்றார். இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் பெங்களூரு மையத்துப் பொறியாளர்கள் அவர்களோடு சேர்ந்து உழைத்தனர். கல்லை நொறுக்கி அரைப்பதோடு வேலை முடிந்துவிடவில்லை. அப்பல்லோ வீரர்கள் கொணர்ந்த மண்ணில் எந்தப் பருமனுள்ள துகள் எவ்வளவு பங்கு இருந்ததோ, அந்த விகிதத்திலேயே பொடியைச் சலித்துக் கலக்கவேண்டும். பின்னர் அதன் வேதிச் சேர்க்கை, கனிமங்கள், அடர்த்தி, துகளொடு துகள் பற்றிநிற்கும் வலிமை ஆகிய ஒவ்வொன்றையும் அளந்து ஒப்புநோக்கவேண்டும். இம்முறைக்குக் காப்புரிமை வேண்டி 2014-ஆம் ஆண்டு மே 15-ஆம் நாள் விண்ணப்பித்தனர். 2020-ஆம் ஆண்டு மே 18-ஆம் நாள் அது வழங்கப்பட்டது. இதற்கெனப் பெருந்தொகை ஒதுக்கப்பட்டிருந்தது. எனினும், உதவியோர் பலர் கூலி பெறாமலே உதவியமையால் அதில் ஒரு சிறு பங்கே செலவாயிற்று என்பர். நாட்டுக்காக என்றால் நம்மவர் கணக்குப் பார்ப்பதில்லை என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

மண் பெங்களூரைச் சேர்ந்தது. அங்கு ஒரு கூடத்துள் அது பரப்பப்பட்டு, மேடும் பள்ளமும் சரிவும் அமைக்கப்பட்டன. தென்முனைப் பக்கத்தில் கதிரவன் தாழ்ந்தே தோன்றுமாதலின், அவ்வொளியைப் போன்ற ஒளியும் விளக்குகளால் உண்டாக்கப்பட்டது. எஞ்சி நின்றது எடை. திங்களின் ஈர்ப்பு புவியீர்ப்பில் ஆறில் ஒரு பங்கே. இங்கு 27 கிலோ எடை காட்டும் ஊர்தி அங்கு நாலரைக் கிலோ அளவே மண்ணை அழுத்தும். மிச்சமாகும் இருபத்திரண்டரைக் கிலோவை எங்ஙனம் நீக்குவது? திருவிழாக்களில் சிறுவர் கையிற் பிடித்து மகிழும் ஊதுபையே வழிகாட்டிற்று. ஈலிய வாயு நிரப்பிய பெரிய ஊதுபையை ஊர்தியோடு பிணைத்து, அதன் எடையின் பெரும்பகுதியை மேல்நோக்கி இழுக்கச் செய்தனர். ஒரு கன மீட்டர் ஈலியம் ஏறத்தாழ ஒரு கிலோவைத் தூக்கும். எனவே, இருபது கன மீட்டருக்கு மேல், அஃதாவது ஒரு சிறு அறையளவு வாயு வேண்டும் என்பதைக் கணக்கறிந்த மாணவர் தாமே உய்த்துணர்வர்.

எனினும் மாதிரி மாதிரியே. ஊதுபை ஊர்தியின் எடையைக் குறைத்ததே தவிர, கீழே கிடந்த மண்துகள்களின் எடையைக் குறைக்கவில்லை. அவை புவியின் ஈர்ப்பிலேயே அழுந்திக் கிடந்தன. சித்தம்பூண்டிக் கல்லும் திங்கட்கல்லோடு முற்றும் ஒத்ததன்று. புவியின் ஆழத்திலே வெந்து மாறிய அக்கல்லில் நீர்க்கூறு கொண்ட கனிமங்களும் கலந்திருக்கின்றன. திங்களின் பாறை மிக வறண்டது. விண்கல் மோதிய வெப்பத்தில் துகள்கள் உருகி ஒட்டிய கண்ணாடிக் கட்டிகளும் நம் பொடியில் இல்லை. இக்குறைகளை அறிஞர் நன்கு அறிந்திருந்தனர். எந்த அளவுக்கு மாதிரியை நம்பலாம், எவ்விடத்தில் நம்பலாகாது என்று வரையறுப்பதும் அவர்தம் வேலையில் ஒரு கூறே.

இறங்குகலத்தின் ‘கண்கள்’ வேறு களத்தில் சோதிக்கப்பட்டன. கருநாடகத்தின் சித்திரதுர்க்க மாவட்டத்தில், செள்ளக்கெரெக்கு அண்மையில், வறண்ட வெளியொன்றில் திங்களின் குழிகளைப்போல் பல குழிகள் தோண்டப்பட்டன. அவற்றின்மேல் வானூர்தி பறக்க, அதிற் பொருத்திய கருவிகள் குழிகளை அடையாளம் கண்டு உயரத்தை அளந்தன.

இத்துணை ஏற்பாடுகளுடன் சந்திரயான்-2, 2019-ஆம் ஆண்டு சூலை 22-ஆம் நாள் புறப்பட்டது. செப்டம்பர் 7-ஆம் நாள் பின்னிரவில் அதன் இறங்குகலமாகிய விக்ரம் திங்களை நோக்கி இறங்கலாயிற்று. நாடே விழித்திருந்தது. தரையிலிருந்து ஏறத்தாழ 2.1 கிலோமீட்டர் உயரம்வரை யாவும் செம்மையாய் நிகழ்ந்தன. பின்னர்த் தொடர்பு அறுந்தது. கலம் திங்களில் மோதிச் சிதறியது. அதன் சிதறலை அமெரிக்கக் கலம் எடுத்த படங்களில் தேடி, முதலில் அடையாளம் கண்டவர் சென்னையிற் பணிபுரிந்த பொறியாளர் சண்முக சுப்பிரமணியன். விக்ரத்தின் கால்களும் பிரக்யான் ஊர்தியின் சக்கரங்களும் எந்த மண்ணுக்காக அத்தனை நாள் பழக்கப்பட்டனவோ, அந்த மண்ணைத் தொடும் வாய்ப்பையே பெறவில்லை.

தவறு மண்ணிலன்று. ஐந்து பொறிகளும் கணித்ததைவிடச் சற்று மிகுதியாக உந்தின. சிறு பிழைகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் திரண்டன. கலம் விரைந்து திரும்பித் திருத்திக்கொள்ள வேண்டிய வேளையில், திரும்பும் வேகத்துக்கு முன்னரே விதித்திருந்த வரம்பு அதனைத் தடுத்தது. இறங்குவதற்கு வகுத்த இடமும் 500 மீட்டர் நீளமும் 500 மீட்டர் அகலமுமே உடையதாய் இருந்தது. இவற்றைப் பின்னாளில் நிறுவனத்தின் தலைவர் எஸ். சோமநாத் மறைக்காது எடுத்துரைத்தார். இத்தகைய வெளிப்படையான பேச்சு எளிதில் வாய்ப்பதன்று. தோல்வியை மூடி மறைத்திருப்பின் அடுத்த கலமும் அதே வழியிற் போயிருக்கும்.

அடுத்த கலத்தை அமைக்கும் பொறுப்பு விழுப்புரத்தைச் சேர்ந்த ப. வீரமுத்துவேலிடம் வந்தது. எவையெவை சரியாக நடக்கும் என்று எண்ணி அமைப்பதை விடுத்து, எவையெவை தவறக்கூடும் என்று எண்ணி அமைத்தனர். இறங்கும் இடம் 4 கிலோமீட்டர் நீளமும் 2.4 கிலோமீட்டர் அகலமும் ஆயிற்று. நடுப்பொறி நீக்கப்பட்டு நான்கு பொறிகளே எஞ்சின. நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் தரை தொடுவதற்கு அமைந்திருந்த கால்கள், 3 மீட்டர் வேகத்தையும் தாங்குமாறு வலுப்படுத்தப்பட்டன. சோதனைகளும் பெருகின. கருவிகளை எலிகாப்டரில் ஏற்றிப் பறக்கவிட்டனர். கலத்தின் மாதிரியை உயர்ந்த பாரந்தூக்கியில் தொங்கவிட்டு, அதன் பொறிகளை எரியச்செய்து பார்த்தனர். மாதிரி மண் பரப்பிய படுகையின்மீது, நேராகவும் சாய்வாகவும் பல்வேறு வகையாகக் கால்களை இறக்கிச் சோதித்தனர்.

சந்திரயான்-3, 2023-ஆம் ஆண்டு சூலை 14-ஆம் நாள் புறப்பட்டு, ஆகஸ்டு 23-ஆம் நாள் மாலை 6 மணி 4 நிமிட அளவில், திங்களின் தெற்கே 69 பாகைக் குறுக்குக்கோட்டை ஒட்டி மெல்ல இறங்கிற்று. 26 கிலோ எடையுள்ள பிரக்யான் சரிவுப்பலகை வழியே இறங்கி, நொடிக்கு ஒரு சென்டிமீட்டர் வேகத்தில் ஊர்ந்தது. ஆகஸ்டு 27-ஆம் நாள் அதன் எதிரே மூன்று மீட்டர் தொலைவில், நான்கு மீட்டர் அகலமுள்ள குழியொன்று தென்பட்டது. பெங்களூரிலிருந்து கட்டளை சென்றது. ஊர்தி திரும்பி வேறு வழியே சென்றது. சக்கரங்கள் புதையவில்லை. ஏறத்தாழ 103 மீட்டர் வழியில் 23 இடங்களில் நின்று, அது மண்ணின் சேர்க்கையைக் கதிர்க்கருவியால் அளந்தது. செப்டம்பர் 2-ஆம் நாள், நீண்ட இரவை எதிர்நோக்கி அது துயிலில் ஆழ்த்தப்பட்டது; விடிந்தபின் எழுப்பியும் அது எழவில்லை.

அந்த 23 அளவைகளையும் அகமதாபாத்திலுள்ள இயற்பியல் ஆய்வகத்தார் ஆராய்ந்து, 2024-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் முடிவை வெளியிட்டனர். தென்முனைப் பக்கத்து மண் பெரும்பாலும் இரும்புக் கூறு கலந்த அனார்த்தசைட் பாறையினின்று வந்தது என்பதே அம்முடிவு. சித்தம்பூண்டிக் கல்லைத் தேர்ந்தெடுத்தோர் ஊகம் பிழையன்று என்பது திங்களின் தரையிலேயே மெய்யாயிற்று.

இனி, ஊர்தியை மட்டுமன்றி மனிதரையும் பழக்கவேண்டிய காலம் வந்துள்ளது. அதற்கேற்ற களம் இமயத்தின் மேற்புறத்து லடாக். உயரத்தால் காற்று மெலிந்தது. குளிரும் வறட்சியும் மிக்கது. கதிரவனின் புற ஊதாக் கதிர்கள் கடுமையாகத் தாக்குவது. 2024-ஆம் ஆண்டு நவம்பரில் லே நகரத்தில் இத்தகைய பயிற்சியொன்று தொடங்கிற்று. 2025-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், 4,530 மீட்டர் உயரத்திலுள்ள த்சோ கர் பள்ளத்தாக்கில், 8 மீட்டர் விட்டமுள்ள உறைவிடத்தையும் அதனோடு இணைந்த 5 மீட்டர் விட்டமுள்ள பணிக்கூடத்தையும் அமைத்து, இருவர் பத்து நாள் தனித்து வாழ்ந்தனர். உடலும் உள்ளமும் தனிமையில் எவ்வாறு மாறுகின்றன என்பது அங்கு ஆராயப்பட்டது. மண்ணுக்கு மாதிரி செய்வதினும் மனத்துக்கு மாதிரி செய்வது கடினம். கதவைத் திறந்தால் வெளியே காற்று உண்டு என்பதை அங்கிருப்போர் ஒருபோதும் மறப்பதில்லை.

திங்களின் மண்ணை அள்ளிக்கொண்டு திரும்பிவரும் சந்திரயான்-4 திட்டத்துக்கு 2024-ஆம் ஆண்டு செப்டம்பர் 18-ஆம் நாள் நடுவண் அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அக்கலம் எண்ணியவாறு மீண்டுவருமாயின், மெய்யான திங்கள் மண் ஒரு கைப்பிடியேனும் இந்திய ஆய்வகத்துக்கு வந்து சேரும். அன்று அதனருகில் வைத்து ஒப்பிடுவதற்கு, நாமக்கல் மாவட்டத்து வயலோரங்களில் ஆடு மேய்ப்போர் சாய்ந்து இளைப்பாறும் அந்த வெளிறிய கல்லின் பொடி காத்திருக்கும்.